அடுக்களை எறும்பு: நாடுவதும் விலகுவதும்

சேமிப்பின் அடையாளமாக எறும்பைச் சுட்டுவது நமக்குப் பழகிய வழக்கம். உண்டியல் தொடங்கித் தொடர் வைப்புக் கணக்கு வரை, சிறுகச் சிறுகச் சேர்ப்பதைப் பற்றி எவர் பேசினாலும் எறும்பு வரிசை கண்முன் வந்து நிற்கும். அதே எறும்பு நம் வீட்டுச் சர்க்கரை டப்பாவிலிருந்து தன் சேமிப்பைத் தொடங்கும்போது மட்டும் அந்தப் பாராட்டு மறைந்துபோகிறது. பூச்சிக்கொல்லிக் குப்பியைத் தேடுகிறோம். சோறு வடிக்கும் மேடையின் ஓரத்திலும், குழந்தை தவழும் தரையிலும், சில நூறு சிற்றுயிர்களை விரட்டுவதற்காக நஞ்சைத் தெளிக்கிறோம். மறுநாள் எறும்பு வேறொரு மூலையிலிருந்து வருகிறது. தெளித்த நஞ்சோ தெளித்த இடத்திலேயே தங்கிவிடுகிறது.

இதற்கு மாற்று வழி உண்டு. எறும்பு எந்த உணவை நாடுகிறது, ஏன் நாடுகிறது, எதைக் கண்டு விலகுகிறது, விலகுவதாக நாம் நம்புவனவற்றுள் எவை உண்மை என்பதைத் தெரிந்துகொண்டால், பெரும்பாலான வீடுகளில் நஞ்சுக்கு வேலையே இராது. இக்கட்டுரையின் நோக்கம் அதுவே.

வரும் விருந்தாளிகள் யார்?

வங்கிப் பணியில் இருக்கும் நாங்கள் சில ஆண்டுகளுக்கு ஒரு முறை ஊர் மாறுகிறவர்கள். புதிய ஊரில் அடுப்பு மூட்டிய முதல் வாரத்திலேயே அவ்வூர் எறும்பும் அறிமுகமாகிவிடும். கொல்கத்தாவானாலும் அகமதாபாத் ஆனாலும் வருகிறவர்கள் பெரும்பாலும் ஐந்தாறு இனத்தவரே.

தலை கறுத்து, வயிறு கண்ணாடிபோல் வெளிறி, உற்றுப் பார்த்தாலன்றிக் கண்ணுக்குப் புலப்படாத மிகச் சிறிய எறும்பு ஒன்று உண்டு. ஏறத்தாழ ஒன்றரை மில்லிமீட்டர் நீளமே கொண்ட இதனை அறிவியலார் 'பேய் எறும்பு' என்பர். தேநீர்க் கோப்பையின் அடியில் எஞ்சிய இனிப்பைத் தேடி வருவது பெரும்பாலும் இதுவே. மஞ்சள் நிறமும் இரண்டு மில்லிமீட்டர் நீளமும் உடைய 'ஃபாரோ எறும்பு' மற்றொன்று. இது இனிப்பையும் உண்ணும். நெய், இறைச்சி, செத்த கரப்பான் ஆகியவற்றையும் விடாது. கறுத்த உடலும் நீண்ட கால்களும் கொண்டு, திசை தெரியாதது போல் அங்குமிங்கும் விரைந்தோடும், கடிக்காத எறும்பைப் பிள்ளையார் எறும்பு என்றும் சாமி எறும்பு என்றும் அழைக்கிறோம். கடித்தால் தீப்பட்டது போல் எரியும் செந்நிற நெருப்பெறும்புக்கு எண்ணெய்ப் பசையும் விதைகளும் மிகப் பிடிக்கும். வெப்பமண்டல அமெரிக்காவிலிருந்து பரவிய இவ்வினம் இன்று இந்தியாவில் பரவலாகக் காணப்படுகிறது. இரவில் வெல்லப் பானையைச் சுற்றிவரும் பெரிய கட்டெறும்பை அறியாதவர் இரார்.

இவற்றை வேறுபடுத்தி அறிவது வீண்வேலை அன்று. ஒவ்வோர் இனத்தின் சுவையும் வேறு. சர்க்கரை டப்பாவை மட்டும் காத்துவிட்டு, எண்ணெய்க் குப்பியின் அடியைத் துடைக்காமல் விட்டால், ஒருவர் போய் மற்றொருவர் வருவார்.

ஒற்றர் வருகிறார், ஊரே வருகிறது

மேடையின் மீது தனியே அலையும் ஓர் எறும்பை நாம் பொருட்படுத்துவதில்லை. அது ஒற்றர். உணவைக் கண்டதும் வயிறார உண்டு, புற்றை நோக்கித் திரும்பும். வழி நெடுக, தன் உடலிலிருந்து மணமுள்ள வேதிப்பொருளை மிக நுண்ணிய அளவில் தரையில் தொட்டுவைத்துக்கொண்டே செல்லும். புற்றிலிருந்து புறப்படும் மற்றவை தம் உணர்கொம்புகளால் அம்மணத்தை முகர்ந்து அதே தடத்தில் வரும். உணவு கிடைத்துத் திரும்பும் ஒவ்வொன்றும் தன் பங்குக்கு மணத்தைச் சேர்ப்பதால் தடம் மேலும் மேலும் வலுப்படும். உணவு தீர்ந்தால் மணம் சேர்ப்பார் இன்றித் தடம் மெல்லத் தேய்ந்து மறையும்.

இங்கே நாம் கவனிக்க வேண்டியது ஒன்று. வரிசையில் வரும் எறும்புகளை மட்டும் நசுக்கித் துடைத்தெறிந்தால் தடம் அழிவதில்லை. உலர்ந்த துணியால் தட்டிவிட்டுப் போனால் கால் மணி நேரத்தில் அடுத்த வரிசை வந்து சேரும். சோப்பு நீரில் நனைத்த துணியால் தடம் முழுவதையும், சுவர் இடுக்கு வரை, அழுத்தித் துடைத்தால்தான் செய்தி அழிகிறது. வினிகர் கலந்த நீரும் இவ்வேலையைச் செய்யும். வினிகரில் தனி மந்திரம் ஏதுமில்லை. தடத்தைக் கழுவுவதும், சிறிது நேரம் மணத்தை மறைப்பதுமே அதன் பயன்.

எறும்பின் வயிற்றைப் பற்றியும் ஒரு செய்தி உண்டு. வளர்ந்த எறும்பால் திட உணவை விழுங்க இயலாது. நீர்ம உணவை மட்டுமே உறிஞ்சும். அதற்கு இரு வயிறுகள். ஒன்று தனக்கு, மற்றொன்று ஊருக்கு. ஊருக்கான வயிற்றில் நிரப்பிக்கொண்டு போய்ப் புற்றிலுள்ள மற்றவற்றின் வாயில் ஊட்டும். திடப்பொருள் கிடைத்தால் அதனைத் தூக்கிச் சென்று புழுப் பருவத்தில் உள்ள குஞ்சுகளுக்குக் கொடுக்கும். குஞ்சுகளே அதனைச் செரித்து நீர்மமாக்க வல்லவை. எனவே நம் மேடைக்கு வரும் எறும்பு தன் பசிக்காக மட்டும் வருவதில்லை. புற்றுக்கு எது தேவையோ அதைத் தேடி வருகிறது.

நாடும் பொருள்கள்

முதலிடம் இனிப்புக்கே. ஓடியாடித் திரியும் வேலைக்கார எறும்புக்கு ஆற்றல் தருவது சர்க்கரைச் சத்து. அதிலும் உலர்ந்த சர்க்கரைப் பருக்கையைவிடக் கசிந்த இனிப்பே அதற்கு எளிது. மழைக்காலத்தில் காற்றின் ஈரத்தை ஈர்த்து வெல்லம் இளகிப் பிசுபிசுக்கும்போது எறும்பு மொய்ப்பதன் காரணம் இதுதான். ஜாம் குப்பியின் திருகு விளிம்பு, தேன் குப்பியின் வெளிப்புறத்தில் வழிந்த ஒரு துளி, மருந்துச் சாற்றுக் குப்பியின் மூடி, குலாப் ஜாமூன் பாகு சிந்திய தட்டின் அடிப்பகுதி, கனிந்து கறுத்த வாழைப்பழத்தின் காம்பு ஆகியவையே பெரும்பாலும் முதல் அழைப்பை விடுக்கின்றன. டப்பாவின் உள்ளே இருப்பது பத்திரமாக இருக்கலாம். வெளியே ஒட்டியிருப்பதே போதும்.

இனிப்பை நாடும் இவ்வியல்பை நம் முன்னோர் மருத்துவத்துக்கும் பயன்படுத்தினர். ஒருவரின் சிறுநீரை எறும்பு மொய்த்தால் அதில் இனிப்பு உள்ளது என அறிந்து, அந்நோயை மதுமேகம் என்று பழைய ஆயுர்வேத நூல்கள் பெயரிட்டன. ஆய்வுக்கூடம் இல்லாத காலத்தில் நீரிழிவைக் காட்டிக் கொடுத்த கருவி எறும்புதான்.

இரண்டாவது, புரதமும் கொழுப்பும். புற்றில் முட்டையும் குஞ்சும் பெருகும் காலத்தில் புரதத் தேவை உயர்கிறது. நேற்று வரை வெல்லத்தை மொய்த்த கூட்டம் இன்று அதனைத் தொடாமல், மீன் கழுவிய தொட்டியையோ, முட்டை ஓட்டையோ, கருவாட்டுப் பொட்டலத்தையோ தேடிப் போவது இதனால்தான். முறுக்கு, மிக்சர், வறுத்த வேர்க்கடலை, தேங்காய்ச் சில், நெய்க் கிண்ணம், குழந்தைக்கு வாங்கிய பால்மாவு ஆகியவையும் இப்பட்டியலில் அடங்கும். செத்துக் கிடக்கும் கரப்பான் ஒன்று, சர்க்கரைப் பருக்கை ஒன்றைவிடப் பெரிய விருந்து.

மூன்றாவது, நீர். கோடையில் உணவே இல்லாத இடத்திலும் எறும்பு வருகிறதே என்று வியக்கிறோம். கசியும் குழாய், ஈரம் உலராத பாத்திரம் துடைக்கும் துணி, நாய்க்கு வைத்த தண்ணீர்த் தட்டு ஆகியவை அதற்குப் போதும். மழை தொடங்கியபின் நிலைமை மாறுகிறது; புற்றில் நீர் புகுவதால் முட்டைகளைத் தூக்கிக்கொண்டு உலர்ந்த சுவர்களுக்குள் இடம்பெயர்கின்றன. பருவமழையின் முதல் வாரங்களில் நாடெங்கும் அடுக்களைகளில் எறும்பு பெருகுவது இதன் விளைவு.

நான்காவது, பலரும் எதிர்பாராதது: உப்பு. உப்பைத் தூவினால் எறும்பு வராது என்பது பரவலான நம்பிக்கை. அமெரிக்கக் கண்டங்களின் காடுகளில் எறும்புகளை ஆராய்ந்து 2008ஆம் ஆண்டு வெளியான ஆய்வொன்று, கடலிலிருந்து 100 கிலோமீட்டருக்கு அப்பால் வாழும், தாவர உணவைச் சார்ந்த எறும்புகள் உப்புக் கரைசலை விரும்பித் தேடுவதைக் காட்டியது. உப்பு அவற்றின் உணவில் அரிதாக இருப்பதே காரணம். ஆகவே உப்பை வேலியாக நம்புவதற்கில்லை.

தேனும் ஒரு தவறான சோதனையும்

'கலப்படமற்ற தேனை எறும்பு தீண்டாது' என்று சொல்லிச் சந்தைகளில் தேன் விற்போர் உண்டு. ஒரு துளித் தேனைத் தரையில் விட்டு, எறும்பு அணுகாததைக் காட்டி விலையைக் கூட்டுவர். இச்சோதனையை நம்பிப் பணம் கொடுப்பவர்கள் தேனீ வளர்ப்போரை ஒரு முறை கேட்டுப் பார்ப்பது நல்லது. தேனீப் பெட்டியைத் தாங்கும் கால்களை நீர் நிறைந்த கிண்ணங்களுக்குள் நிறுத்துவது அவர்களின் அடிப்படைப் பாடம். பெட்டிக்குள் இருப்பதைவிடத் தூய தேன் வேறு எங்கே கிடைக்கும்? அதனைக் கொள்ளையிட எறும்பு வருவதால்தான் அந்த நீர் அரண். கெட்டியான தேனில் எறும்பின் கால் சிக்கிக்கொள்ளும் என்பதால் சில வேளை அது ஓரத்தில் நின்று தயங்கலாம்; அத்தயக்கம் தூய்மைக்குச் சான்றாகாது.

இதுபோன்ற மற்றொரு நம்பிக்கை, ரவையையோ சோள மாவையோ தூவினால் எறும்பு அதனைத் தின்று வயிறு உப்பி மடியும் என்பது. வளர்ந்த எறும்பு திட உணவை விழுங்குவதே இல்லை என்று மேலே கண்டோம். விழுங்காத ரவை வயிற்றில் உப்புவதற்கு வழியில்லை. ரவையைத் தூவும்போது குஞ்சுகளுக்கு உணவு வழங்குகிறோம், அவ்வளவே.

பூந்தொட்டியிலிருந்து வரும் அழைப்பு

அடுக்களையை எவ்வளவு துடைத்தும் எறும்பு ஓயவில்லை என்றால், சன்னலுக்கு வெளியே பார்க்க வேண்டும். செம்பருத்தி, கறிவேப்பிலை, எலுமிச்சை போன்ற செடிகளின் தண்டில் மாவுப்பூச்சியோ அசுவினியோ அப்பியிருக்கிறதா என்று நோக்குக. இப்பூச்சிகள் செடியின் சாற்றை உறிஞ்சி, மிகுதியான இனிப்பைத் துளித்துளியாகக் கழிக்கின்றன. அவ்வினிப்புக்காக எறும்புகள் இப்பூச்சிகளை மாடு மேய்ப்பது போல் காத்து, அவற்றைத் தின்ன வரும் பூச்சிகளை விரட்டுகின்றன. தொட்டியில் தொடங்கிய வழி, சன்னல் சட்டத்தின் ஊடாக நம் மேடை வரை நீள்கிறது. பூச்சி பற்றிய கிளையைக் கழித்து, எஞ்சிய தண்டை நீரைப் பீய்ச்சிக் கழுவி, சன்னலைத் தொடும் கிளைகளை வெட்டிவிட்டால் அடுக்களைக்கு வரும் கூட்டம் பாதியாகக் குறைவதைக் காணலாம்.

விலக்கும் பொருள்கள்: எவை மெய்?

இந்தியாவின் எந்த மாநிலத்துக்குச் சென்றாலும் சர்க்கரை டப்பாவுக்குள் நான்கைந்து கிராம்பு கிடப்பதைக் காணலாம். இவ்வழக்கத்துக்கு அடிப்படை உண்டு. கிராம்பின் மணத்துக்குக் காரணமான யூஜினால் என்னும் எண்ணெய்ப் பொருளும், பட்டையின் மணத்துக்குக் காரணமான சின்னமால்டிகைடும் எறும்புகளை விலக்குவதையும், செறிவு மிகுந்தால் கொல்வதையும் தைவான் ஆய்வாளர்கள் நெருப்பெறும்பு வகைகளில் சோதித்துக் கண்டிருக்கிறார்கள். எனினும் ஆய்வில் பயன்பட்டவை பொடியும் வடித்தெடுத்த எண்ணெயும். முழுக் கிராம்பிலிருந்து வெளிவரும் மணம் மிகக் குறைவு. மூடி இறுக்கமான டப்பாவுக்குள் மணம் தங்குவதால் ஓரளவு பயன் கிட்டும். ஆறு மாதம் கிடந்து மணமிழந்த கிராம்பு டப்பாவில் இருப்பதும் இல்லாததும் ஒன்றே. புதிதாக இடித்த கிராம்புப் பொடியைச் சுவர் இடுக்கிலும் சன்னல் ஓரத்திலும் தூவினால் சில நாள்கள் நல்ல பயன் தரும்.

எலுமிச்சை, ஆரஞ்சுத் தோலில் உள்ள லிமோனீன் எறும்புக்கு ஆகாத பொருள். பிழிந்த எலுமிச்சை மூடியைக் கொண்டு மேடையைத் தேய்ப்பது நம் வீடுகளில் உள்ளதே. அவ்வாறு தேய்க்கையில் தடமும் அழிகிறது, மணமும் சேர்கிறது. ஆனால் பழச்சதை ஒட்டிய தோலை அப்படியே மூலையில் போட்டுவைத்தால் அதுவே ஒரு நாளில் பூச்சிகளை அழைக்கும்.

மஞ்சள்தூளைக் கோடாக இடுவது தென்னாட்டிலும் வடநாட்டிலும் உள்ள பழக்கம். மஞ்சளின் எண்ணெய்ப் பொருள்களுக்குப் பூச்சிகளை விலக்கும் தன்மை சிறிதளவு உண்டு. மேலும் மிக நுண்ணிய தூள் எதுவாயினும் எறும்பின் காலிலும் உணர்கொம்பிலும் ஒட்டி நடையைத் தடுக்கும். அடுப்புச் சாம்பலை நம் பாட்டிமார் பானையைச் சுற்றித் தூவியதும் இம்முறையே. மிளகுத்தூள், மிளகாய்த்தூள், காப்பித்தூள் ஆகியவற்றின் பயனும் பெரும்பாலும் இவ்வளவே. ஈரம் பட்டாலோ காற்றில் கலைந்தாலோ வேலி திறந்துவிடும்.

கற்பூரம் எறும்பை விலக்கும். ஆயின் குழந்தை அதனை மிட்டாய் என்று எண்ணி விழுங்கினால் வலிப்பு வரை கொண்டுசெல்லும் நஞ்சு அது. அந்துருண்டையோ உணவுப் பொருளின் அருகே வைக்கவே தகாதது. இவ்விரண்டையும் அடுக்களையில் தவிர்ப்பதே அறிவுடைமை.

ஆக, மணப்பொருள்கள் அனைத்தும் தற்காலிகமானவை. தடத்தைக் கழுவி, அழைக்கும் உணவை அகற்றியபின் இவற்றைப் பயன்படுத்தினால் நல்ல துணை. பாகு சிந்திய மேடையில் கிராம்பைத் தூவினால் எறும்பு சற்றே சுற்றிக்கொண்டு வரும்.

முன்னோர் அறிந்த அரண்கள்

விலக்கும் பொருளைவிட எட்டாத இடமே சிறந்தது என்பதை நம் முன்னோர் தெளிவாக அறிந்திருந்தனர். கூரையிலிருந்து தொங்கும் உறியில் தயிரும் வெண்ணெயும் இருந்தன. பூனைக்கும் குழந்தைக்கும் எட்டாத அதனை எறும்பு அடைய வேண்டுமாயின் சுவரேறி, உத்திரம் கடந்து, கயிற்றில் இறங்க வேண்டும். அக்கயிற்றிலும் மண்ணெண்ணெய் தோய்த்த துணியைச் சுற்றிவைத்த வீடுகள் உண்டு. வங்கத்தில் இதே உறி சணலால் பின்னப்பட்டு 'ஷிகா' என்னும் கைவினைப் பொருளாகவே வளர்ந்தது.

கொல்கத்தாவின் பழைய வீடுகளில் கம்பிவலைக் கதவு கொண்ட மர அலமாரியை இன்றும் காணலாம். 'மீட்சேஃப்' என்பது அதன் பெயர். அதன் நான்கு கால்களும் நான்கு நீர்க் கிண்ணங்களில் நிற்கும். தமிழ்நாட்டிலும் பண்டம் வைக்கும் பாத்திரத்தைத் தண்ணீர் ஊற்றிய தாம்பாளத்தின் நடுவே வைப்பது இன்றளவும் உள்ள வழக்கம். இம்முறையில் கவனிக்க வேண்டியவை இரண்டு. நீரின் மேல் தூசு படிந்தால் அதுவே எறும்புக்குப் பாலமாகும். எனவே நாள்தோறும் நீரை மாற்ற வேண்டும். நீரில் ஒரு துளி சோப்புக் கரைசல் விட்டால் நீர்ப்பரப்பின் இறுக்கம் குறைந்து, எறும்பு மிதக்காமல் மூழ்கும். அலமாரியோ பாத்திரமோ சுவரைத் தொடாமல் இருப்பதும் முக்கியம்.

இன்றைய அடுக்களையில் உறிக்கு இடமில்லை. அதன் வேலையை ரப்பர் வளையமுள்ள மூடிகளைக் கொண்ட டப்பாக்கள் செய்கின்றன. சாதாரணத் திருகு மூடியின் இடைவெளி பேய் எறும்புக்கு அகலமான வாயில் என்பதை மறவாதிருப்போமாக.

எறும்பு புகுந்துவிட்ட சர்க்கரையை என்ன செய்வது? அகலமான தட்டில் பரப்பிச் சற்று நேரம் வெயிலில் வைத்தால் அவை தாமே வெளியேறும். நுண்ணிய உடல் விரைவில் சூடேறி உலர்வதால் வெயிலை அவை தாங்குவதில்லை. காப்பியில் மிதக்கும் எறும்பைப் பார்த்து 'எறும்பு தின்றால் கண் தெரியும்' என்று பெரியோர் சொல்வது அருவருப்பை மாற்றும் அன்பான பேச்சு. மருத்துவமாகக் கொள்ளத் தக்கதன்று. சாக்கடையிலும் செத்த பூச்சியிலும் நடந்த கால்களே உணவிலும் நடக்கின்றன. ஃபாரோ எறும்புகள் நோய்க்கிருமிகளைச் சுமந்து திரிவது மருத்துவமனைகளில் கண்டறியப்பட்டுள்ளது. நோயாளியும் கைக்குழந்தையும் உள்ள வீட்டில் எறும்பு மொய்த்த சமைத்த உணவைக் கொட்டிவிடுவதே நலம்.

நஞ்சு என்னும் கடைசி வழி

ஒரு காலத்தில் 'எறும்புப் பொடி' என்றாலே பி.எச்.சி. என்னும் பூச்சிக்கொல்லிதான். அரிசி மூட்டையின் ஓரத்திலும் அதனைத் தூவிய வீடுகள் இருந்தன. உடலிலும் மண்ணிலும் நெடுங்காலம் தங்கும் அப்பொருளுக்கு இந்தியாவில் 1997ஆம் ஆண்டு தடை விதிக்கப்பட்டது. பழைய வீட்டின் பரணில் பெயரற்ற வெள்ளைப் பொடிப் பொட்டலம் எதுவும் கிடந்தால் தொடாமல், குழந்தைகளுக்கு எட்டாமல் அப்புறப்படுத்துவது நம் கடமை.

இப்போது பரவலாக விற்பனையாவது பூச்சிக்கொல்லிச் சாக்குக்கட்டி. பைரித்ராய்டு வகை நஞ்சு கலந்த இக்கட்டி, பள்ளிக்கூடச் சாக்பீசைப் போலவே இருப்பதுதான் அதன் பெருங்கேடு. குழந்தை அதனை எடுத்து எழுதும். எழுதிய விரலை வாயில் வைக்கும். மளிகைப் பையில் மற்றப் பொருள்களோடு சேர்த்து இதனை வாங்கி வரலாகாது. மேடை மீதும் டப்பாவைச் சுற்றியும் கோடு கிழிக்கலாகாது.

தெளிப்பான்களால் மற்றொரு தீங்கு நேரும். ஃபாரோ எறும்பு போன்ற இனங்களின் புற்றில் அரசிகள் பல. நஞ்சின் வாடை பட்டதும் கூட்டம் சிதறி, ஒவ்வொரு பிரிவும் தனித்தனிப் புற்று அமைத்துக்கொள்ளும். ஒரு மூலையில் இருந்த தொல்லை நான்கு மூலைக்குப் பரவும்.

வேறு வழியே இல்லாத நிலையில் தூண்டில் உணவு முறையை நாடலாம். நூறு மில்லி சர்க்கரைக் கரைசலில் ஒரு கிராமுக்கு மிகாமல் போரிக் அமிலப் பொடியைக் கலந்து, பஞ்சில் நனைத்து, எறும்பு வரும் வழியில் வைப்பதே அம்முறை. கேரம் பலகையில் தூவுவதற்குப் பயன்பட்டுவந்த அதே போரிக் பொடிதான் இது. அளவு கூடினால் உண்ட எறும்பு வழியிலேயே மடியும், அல்லது உண்ணாமலே விலகும். அளவு குறைவாக இருந்தால் ஊருக்கான வயிற்றில் அதனை நிரப்பிச் சென்று அரசிக்கும் குஞ்சுக்கும் ஊட்டும். பயன் தெரிய ஓரிரு வாரங்கள் ஆகும். அதுவரை தூண்டிலை மொய்க்கும் கூட்டத்தை விரட்டாமல் பொறுத்திருக்க வேண்டும். இனிப்பைத் தொடாத கூட்டமாயின் வேர்க்கடலை வெண்ணெய் போன்ற கொழுப்புணவில் கலந்து வைக்க வேண்டும். போரிக் அமிலமும் நஞ்சே. தனிக் கிண்ணம், தனிக் கரண்டி, பெயர் எழுதிய குப்பி, குழந்தைக்கும் வளர்ப்பு விலங்குக்கும் எட்டாத இடம் ஆகிய நான்கும் இல்லாத வீட்டில் இம்முறையைக் கையாளக் கூடாது.

பகையன்று, எல்லை

எறும்பை முற்றும் அழிப்பது நம்மால் இயலாது. அது தேவையும் அன்று. கரையானை வேட்டையாடுவதும், செத்த பூச்சிகளை அகற்றுவதும், மண்ணைக் கிளறிக் காற்றோட்டம் தருவதும் எறும்புகளே. நம் நாட்டு மக்கள் இதனை அறிந்தே அவற்றோடு உறவு வைத்திருக்கிறார்கள். வாசலில் அரிசி மாவால் கோலமிடுவது சிற்றுயிர்களுக்கு ஈயும் உணவாகவும் போற்றப்படுகிறது. குஜராத்தில் மாவும் சர்க்கரையும் நெய்யும் கலந்து எறும்புப் புற்றருகே இடுவதைக் 'கீடியாரு' என்னும் அறச்செயலாகப் போற்றுகிறார்கள். ஒடிசாவின் மயூர்பஞ்ச் மாவட்டப் பழங்குடியினர் முசுறு எறும்பை அரைத்துச் செய்யும் காரமான துவையலுக்கு, 'சிமிலிபால் காய் சட்னி' என்ற பெயரில் 2024ஆம் ஆண்டு சனவரியில் புவிசார் குறியீடு கிடைத்தது. எறும்புக்கு உணவிடும் நாடு இது. எறும்பையே உணவாக்கிய நாடும் இதுவே.

வாசலில் மாவிடுவதும் அடுக்களையில் மேடையைத் துடைப்பதும் ஒன்றுக்கொன்று முரணான செயல்கள் அல்ல. உணவு வெளியே கிடைக்கிறது, உள்ளே கிடைப்பதில்லை என்னும் செய்தியையே இரண்டும் எறும்புக்குச் சொல்கின்றன.

நாள்தோறும் நினைவில் கொள்ள

• இரவு படுக்குமுன் மேடையையும் அடுப்பின் அடியையும் சோப்பு நீரால் துடைத்து உலர்த்துக. எச்சில் தட்டுகளை மறுநாளுக்கு வைக்கலாகாது.

• தேன், ஜாம், எண்ணெய், மருந்துச் சாறு ஆகியவற்றின் குப்பிகளை ஒவ்வொரு முறையும் வெளிப்புறம் துடைத்து வைக்க.

• வெல்லத்தையும் பால்மாவையும் ரப்பர் வளைய மூடியுள்ள டப்பாவில் அடைக்க. மழைக்காலத்தில் வெல்லத்தைச் சிறு அளவில் வாங்குக.

• குப்பைக் கூடையை மூடியுடன் வைத்து, நாள்தோறும் காலி செய்க. மீன், இறைச்சிக் கழிவை அன்றிரவே வெளியேற்றுக.

• வரிசையைக் கண்டால் முதலில் அது வரும் துளையைக் கண்டறிக. பின் தடத்தைக் கழுவி, துளையை வெள்ளைச் சிமெண்டால் அடைக்க. அடைத்த இடத்தில் கிராம்புப் பொடி தூவுக.

• கசியும் குழாயைப் பழுது பார்க்க. சன்னலைத் தொடும் செடிகளைக் கத்தரிக்க.

• பூச்சிக்கொல்லி எதையும் உணவுப் பொருள் அலமாரியில் வைக்கலாகாது.

இவற்றுள் எதற்கும் பெருஞ்செலவு இல்லை. கேட்பதெல்லாம் நாள்தோறும் பத்து நிமிடம், அதையும் இடைவிடாமல். எறும்பு ஊரக் கல்லும் தேயும் என்பது நம் பழமொழி. அந்த ஊக்கத்தோடு வரும் விருந்தாளியை ஒரே நாளில் நஞ்சூற்றி வெல்ல முடியாது. அதன் விடாமுயற்சியை நாமும் அடுக்களைத் தூய்மையில் கைக்கொண்டால், வீட்டில் குழந்தைக்கும் ஆபத்தில்லை, சர்க்கரைக்கும் சேதமில்லை.